கமலாத்தாள் ஏணியில் ஏறினால்

எங்கள் ஊரில் இரவல் கொடுத்த பொருளைத் திருப்பிக் கேட்கிற வழக்கம் இல்லை. கேட்டால் கொடுத்தவருக்குத்தான் கேவலம். அதற்குப் பதிலாகப் பொருளின் நலம் விசாரிப்பார்கள். "ஏனுங், எங்க ஊட்டுக் கடப்பாரை அங்க சௌக்கியமா இருக்குதுங்களா?" என்று வழியில் பார்க்கும்போது கேட்டுவிட்டு நடந்துவிடுவார்கள். வாங்கியவர் கூச்சமுள்ளவராக இருந்தால் கடப்பாரை அன்று சாயங்காலமே வீடு வந்து சேரும். கூச்சமில்லாதவர், "சௌக்கியமா இருக்குதுங்" என்று சொல்லிவிட்டு அடுத்த குழியைத் தோண்டப் போய்விடுவார்.

கமலாத்தாள் தன் ஏணியின் நலத்தைத் தெருக்கோடி வீட்டு அப்புசாமியிடம் ஒரு வருஷமாக விசாரித்துக்கொண்டிருந்தாள். ஏணி சௌக்கியமாகத்தான் இருந்தது, அப்புசாமியின் மாட்டுக்கொட்டகைச் சுவரில் சாய்ந்தபடி.

கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, பொள்ளாச்சி பஸ்ஸில் கண்டக்டர் தமிழை விட்டு மலையாளத்துக்கு மாறுகிற இடத்தில் இருக்கிறது ஊர். கமலாத்தாள் ஆனைமலைப் பக்கத்திலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள். ஏணியும் அவளோடு வந்ததுதான். கல்யாணத்தில் பந்தல் போட்ட ஏணியை யாரோ சீர்ச் சாமான்களோடு சேர்த்து வண்டியில் ஏற்றிவிட்டார்கள். அடுத்த தீபாவளிக்கு வந்த அவளுடைய அண்ணன், சாப்பிட்டுக் கை கழுவும்போது ஏணியின் நலத்தை விசாரித்தான். "சௌக்கியமா இருக்குதுங்ண்ணா" என்று சொல்லிவிட்டுத் துண்டை எடுத்துக் கொடுத்தாள் கமலாத்தாள். விஷயம் அதோடு முடிந்தது.

எமர்ஜென்சி முடிந்த அந்தக் கோடையில், பல வருஷம் பல ஊர்களில் சுற்றிவிட்டு நான் திரும்பி வந்திருந்தேன். கையில் ஒரு வீடியோ கேமரா, தோளில் மாட்டுகிற ரெக்கார்டர், சின்ன டெலிவிஷன் பெட்டி ஒன்று. ஐரோப்பாவில் அப்போது சில பேர் புதுவிதமாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கதை கிடையாது, பாட்டு கிடையாது. ஒரு வாளியையோ நாற்காலியையோ அரை மணி நேரம் அப்படியே காட்டுவார்கள். அதற்கு ஒரு வேலையும் கொடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தால், வாளி வாளியாக இருப்பதை விட்டுவிட்டு வேறு எதுவாகவோ ஆகத் தொடங்கும். எனக்கு அதில் பைத்தியம் பிடித்திருந்தது.

ஒரு நாள் காலை, எங்கள் வாசலில் ஒரு முறத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது கமலாத்தாள் வந்தாள். அடுத்த வீட்டுக்காரி. நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

"என்னம்மிணி பண்றே?"

"முறத்தைப் படம் எடுக்கறேங்க்கா."

"அது என்ன பண்ணுது?"

"சும்மா இருக்குது."

"எத்தன நேரம் சும்மா இருக்கும்?"

"அரை மணி நேரம்."

உட்கார்ந்து முழுவதையும் பார்த்தாள். ஊரில் வேறு யாரும் அந்தப் பொறுமையைக் காட்டியதில்லை. முடிந்ததும், "பொடைக்கறப்ப எடுத்தா நல்லா இருந்திருக்குமே" என்றாள்.

"வேலை செய்யாதப்ப அது என்னன்னு பாக்கறதுதாங்க்கா சங்கதி."

"அப்படியா? வேலை செய்யாத சாமான்தான் உனக்கு வேணும்னா என்ற ஏணிய எடு. ஒரு வருசமா அப்புசாமியண்ணன் ஊட்டுச் செவுத்துல சும்மா நிக்குது."

அவளுக்கு ஏணி எதற்கு என்று எனக்கு அப்போது தெரியாது. ஓடு மாற்றுவதற்கு என்று நினைத்தேன். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எங்கள் ஊர் ஓடுகளை ஒரு வருஷமும் சும்மா விட்டதில்லை. மழைக்கு முன்னால் கூரை ஏறி நகர்ந்ததைத் திரும்ப நகர்த்தி, உடைந்ததை மாற்றியாக வேண்டும். ஆனால் மூசா ராவுத்தர் கடையில் நடந்தது என்னைக் குழப்பிவிட்டது.

மூசா ராவுத்தர் ஊரின் மளிகைக்கடைக்காரர். கடலைக்காய் வியாபாரமும் உண்டு. கமலாத்தாள் மல்லி வாங்கிக்கொண்டே கூரையைப் பற்றிப் புலம்பியபோது அவர் சொன்னார்: "நம்ம கடையில மடக்கு ஏணி இருக்குது கமலாக்கா, கொண்டுபோங்க. ஆரும் புடிக்க வேண்டியதில்ல. தானா நிக்கும்."

"தானா நிக்கற ஏணி எனக்கெதுக்குங் ராவுத்தரே?" என்றாள் கமலாத்தாள்.

ராவுத்தர் தராசைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அவள் போன பிறகு எனக்கு விளக்கினார்.

கமலாத்தாளின் கணவர் நஞ்சப்பன் நல்ல மனிதர். ஆனால் அவரிடம் ஒரு கேள்வி கேட்டுப் பதில் வாங்க முடியாது. கேள்வி வரப்போகிறது என்று வாசனை பிடித்தாலே மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, "மடை மாத்தோணும்" என்று தோட்டத்துக்குக் கிளம்பிவிடுவார். சாப்பிடும்போது கேட்டால் பாதிச் சோற்றில் எழுந்து மடை மாற்றப் போவார். கிணற்றில் தவளை முங்கக்கூடத் தண்ணீர் இல்லாத மாசி பங்குனியிலும் மடை மாற்றுகிற ஒரே விவசாயி அவர்தான்.

அவருக்கு உயரம் ஆகாது. முக்காலியில் ஏறினாலே தலை சுற்றும். கல்யாணமான வருஷம் காற்றில் ஓடு பறந்தபோது, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கமலாத்தாள்தான் ஏறினாள். அவர் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டார். மேலே போன பிறகு அவள் சும்மா ஒரு கேள்வி கேட்டாள். பதில் வந்தது. வராமல் எப்படி இருக்கும்? ஏணியை விட்டுவிட்டு மடை மாற்றப் போக முடியாதே.

அன்றிலிருந்து அந்த வீட்டின் எல்லா முடிவுகளும் ஏணியில்தான் எடுக்கப்பட்டன. அப்படி ஒரு பேச்சு ராவுத்தர் காதிலேயே ஒருமுறை வழியில் போகும்போது விழுந்திருக்கிறது.

"ஏனுங், அந்தச் செவலைக் காளைய வித்துப் போடலாமுங்களா?"

"அப்பறம் பேசலாம் புள்ள. எறங்கு."

"எறங்கறனுங். நீங்க சொன்னதும் எறங்கறனுங்."

"கை வலிக்குது."

"எனக்கு வலிக்கலீங்."

காளை அடுத்த சந்தையில் விற்கப்பட்டது. மகள் பூவாத்தாள் பத்தாவதுக்கு மேல் படித்ததும் ஏணியில் முடிவானதுதான். ஓடு மாற்றாத மாதங்களிலும் கமலாத்தாளுக்குக் கூரைமேல் ஏதாவது வேலை இருக்கும். பூசணிக்கொடியைத் திருப்பி விடுவாள், வடகம் காயப்போடுவாள். ஒன்றுமே இல்லாவிட்டால் ரேடியோவின் ஏரியல் கம்பி சாய்ந்திருக்கும்.

போன வருஷம் வைக்கோல் போர் போடுவதற்கு என்று அப்புசாமி ஏணியைக் கேட்டார். நஞ்சப்பனே தோளில் சுமந்துகொண்டுபோய்க் கொடுத்தார். போர் போட்டாயிற்று, மாடு அந்த வைக்கோலைத் தின்றுமாயிற்று. ஏணி மட்டும் வரவில்லை.

இப்போது பூவாத்தாளுக்குப் பாலக்காட்டுச் சித்தூரில் டீச்சர் டிரெயினிங் படிக்க இடம் கிடைத்திருந்தது. விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும். தகப்பன் நேரில் வந்து சேர்க்க வேண்டும், அதுவும் வருகிற திங்கட்கிழமைக்குள். நஞ்சப்பன் அந்த வாரம் காலையிலும் மாலையிலும் மடை மாற்றிக்கொண்டிருந்தார்.

நான் கேமராவோடு அப்புசாமி வீட்டுக்குப் போனேன். உண்மையில் அவரே என்னைக் கூப்பிட்டிருந்தார். மாட்டுப்பட்டிப் பண்ணையிலிருந்து சீமைக் காளைக்குப் பிறந்த கிடாரி ஒன்றை வாங்கி வந்திருந்தார். "இதோட அப்பன் சுவிட்சர்லாந்துங்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். நான் போனபோது கிடாரியைக் குளிப்பாட்டிப் பொட்டு வைத்து நிறுத்தியிருந்தார்.

"அண்ணா, கிடாரியக் கொஞ்சம் அக்கட்டால கட்டுங்."

"அப்பறம் எதைப் படம் எடுக்கப் போறே?"

"ஏணிய."

அவர் ஏணியைப் பார்த்தார். கிடாரியைப் பார்த்தார். "அதையும் குளிப்பாட்டோணுமா?" என்றார்.

வேண்டாம் என்றேன். இரண்டு பழைய மூங்கில் கால்கள், கரும்பழுப்பாக. படிகளில் பாதி புதியவை, வெளிர் மஞ்சள் நிறத்தில். அதைத் தொட்டுப் பார்த்தபோது அப்புசாமி சொன்னார்: "அந்தப் படியெல்லாம் இங்க வந்து மாத்துனது. காலு அவளுது, படி என்னுது. இனி இதைக் கமலாத்தா ஏணின்னு எப்படிச் சொல்றது, நீயே சொல்லு. நீதான் நாலு தேசம் பாத்தவ."

நான் கேமராவை ஏணிப் பக்கம் திருப்பினேன். அரை மணி நேரம் டேப்பில் எடுத்தேன். நல்ல காலை வெயில். ஒரு காக்கை வந்து நாலாம் படியில் உட்கார்ந்து போனது. பிறகு கேமராவை டெலிவிஷனோடு இணைத்து, பெட்டியை அவர் வீட்டு வாசலில் வைத்தேன். பெட்டிக்குள் ஏணி தெரிந்தது. அப்புசாமி ஏணியின் பக்கத்தில் ஓடிப்போய் நின்றார். தன்னைப் பெட்டியில் பார்ப்பதற்காகத் திரும்பி ஓடி வந்தார். வந்து பார்த்தால் பெட்டியில் அவர் இல்லை. மறுபடி ஓடினார். நாலைந்து தடவை இப்படி ஓடிக் களைத்த பிறகு, அவர் மனைவியை ஏணியருகில் நிறுத்திப் பார்த்துத் திருப்தி அடைந்தார். அங்கே நடப்பது இங்கே தெரிகிறது என்பது அவருக்கு உறுதியாயிற்று. தன் வீட்டுக் கரண்டு மீட்டர் ஓடுகிறது என்பதும் உறுதியாயிற்று. "நாளைக்கு ஊருக்கெல்லாம் காட்டறதுன்னா ராவுத்தர் கடையில வெச்சுக்க" என்றார்.

அன்று மத்தியானம் கமலாத்தாள் வந்தாள்.

"நாளைக்கு ராவுத்தர் கடையில பொட்டிய வெச்சா, கேமராவ எங்க வெப்பே?"

"கேமரா வேண்டாங்க்கா. இன்னைக்கு டேப்புல எடுத்ததத்தான் போடப் போறேன்."

"அப்ப ஏணி செவுத்துல இல்லீன்னாலும் பொட்டில நிக்கும்."

"நிக்கும்."

"எத்தன நேரம்?"

"அரை மணி நேரம்."

கொஞ்ச நேரம் என் முறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நல்ல படம் அம்மிணி" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

மறுநாள் பொழுது சாயும் நேரம். ராவுத்தர் கடை வாசலில் கடலைக்காய் மூட்டைகள்மேல் பெட்டியை ஏற்றி வைத்தோம். ஊரில் பாதிப் பேர் தெருவை அடைத்து உட்கார்ந்திருந்தார்கள். பெஞ்சில் நடுநாயகமாக அப்புசாமி. காட்டப்போவது அவர் வீட்டுச் சுவர் அல்லவா. கொஞ்சம் பின்னால் நஞ்சப்பன், மண்வெட்டியோடு. கேள்வி கேட்கிற ஆள் கூட்டத்தில் இல்லாததைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாகக் குந்தியிருந்தார்.

ஏணி தெரிந்ததும் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. யாரோ கேட்டார்கள்: "அப்புசாமியண்ணன் ஊடு அந்தக் கடைசில இருக்குது. வயரே இல்லாம எப்படித் தெரியுது?"

"ரேடியோவுக்கு வயரா இழுத்திருக்குது கோயமுத்தூர்ல இருந்து?" என்றார் அப்புசாமி.

"அங்க வெயிலடிக்குது, இங்க பொழுது உளுந்துருச்சே" என்றார் ராவுத்தர்.

"சீமைக் கேமரா. வெளிச்சத்தப் புடிச்சு வெச்சுக்கும்."

ராவுத்தர் என்னைப் பார்த்தார். நான் பெட்டியைப் பார்த்தேன்.

ஒன்றும் நடக்காத படத்தை எவ்வளவு நேரம் பார்ப்பார்கள் என்று எனக்குக் கவலையாக இருந்தது. அந்தக் கவலை தேவைப்படவில்லை. "இதுக்கு என்ன அர்த்தம்?" என்று ஒருவர் ஆரம்பித்தார். "வெறும் ஏணி நிக்குதுன்னா ஆளு மேல போயிட்டான்னு அர்த்தம்" என்றார் இன்னொருவர். "ஏன், கீழ எறங்கி ஊட்டுக்குப் போயிருக்கக் கூடாதா?" என்றது எதிர்ப்பக்கம். அவ்வளவுதான், கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. மேலே போன கட்சிக்கு அப்புசாமி தலைமை தாங்கினார். மேலே எங்கே போக முடியும், கொட்டகைக் கூரைதானே இருக்கிறது என்று இறங்கின கட்சி மடக்கியது. காக்கை வந்து உட்கார்ந்தபோது, ஆள் பக்கத்தில் இல்லை என்பதற்கு அதுவே சாட்சி என்று இரண்டு கட்சியும் உரிமை கொண்டாடின. பெர்லினில் இதே மாதிரிப் படத்துக்கு வந்த பார்வையாளர்கள் ஒயின் குடித்துவிட்டு மெல்லத் தலையாட்டியதோடு சரி.

அப்போதுதான் தெருவின் இடது பக்கத்திலிருந்து ஒரு மூங்கில் முனை நீண்டு வந்தது.

முன்னால் பூவாத்தாள், பின்னால் கமலாத்தாள், நடுவில் இருவர் தோள்மேலுமாக ஏணி. அப்புசாமி வீட்டிலிருந்து அவர்கள் வீட்டுக்குப் போக வேறு வழியில்லை. ராவுத்தர் கடை வாசலைக் கடந்துதான் ஆக வேண்டும்.

"தலையக் கொஞ்சம் தாழ்த்துங்" என்றாள் பூவாத்தாள்.

தாழ்த்தினார்கள். கண்ணை மட்டும் பெட்டியிலிருந்து எடுக்கவில்லை. ஏணி தலைகளுக்கு மேலே ஊர்ந்தது. ராவுத்தர் சட்டென்று பெட்டியின் பக்கத்தில் வந்து நின்று, "இப்பத்தான் முக்கியமான எடம் வருது, நல்லாப் பாருங்க" என்று அறிவித்தார். எல்லாரும் முன்னால் சாய்ந்தார்கள்.

ஏணியின் நடுப்பகுதி அப்புசாமியின் முகத்துக்கு நேராக வந்தது. "ஆரது, மறைக்காதீங்" என்றபடி அவர் ஒரு கையால் படியைப் பிடித்துத் தூக்கித் தன் தலைக்கு மேலே கடத்திவிட்டார். கடத்திவிட்டு, பெட்டிக்குள் இருந்த ஏணியைக் காட்டி, மேலே போன கட்சியின் வாதத்தைத் தொடர்ந்தார்.

நஞ்சப்பனின் தலைக்கு மேலேயும் ஏணி போனது. அவர் மட்டும் நிமிர்ந்து பார்த்தார். ஏணியின் பின்முனையில் இருந்த மனைவியையும் பார்த்தார். வாயைத் திறந்தார். ஆனால் தன் மனைவி தன் ஏணியைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோகிறாள் என்று கூட்டத்தில் எழுந்து எப்படிப் புகார் சொல்வது? வாயை மூடிக்கொண்டார்.

டேப் முடிந்ததும் பெட்டியில் வெள்ளைப் புள்ளிகள் இரைந்தன. அப்புசாமி வீட்டுக்குப் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார். பெட்டிக்குப் பின்னால் ஒருமுறை எட்டிப் பார்த்தார். அப்படிப் பார்த்ததை யாரும் பார்த்துவிட்டார்களோ என்று சுற்றிலும் பார்த்தார். ராவுத்தர் கடலைக்காயைக் கை நிறைய அள்ளி அவரிடம் கொடுத்தார்.

காலையில் கமலாத்தாள் வீட்டு ஓட்டு விளிம்பில் ஏணி சாய்ந்து நின்றது. நான் கேமராவைத் தூக்கிக்கொண்டு போனேன். கொஞ்ச நேரத்தில் அப்புசாமி வந்தார்.

"வாங்ண்ணா" என்றாள் கமலாத்தாள்.

அவர் ஏணியைப் பார்த்தார். திருப்பிக் கேட்பது ஊர் வழக்கம் இல்லை. அதுவும் தன்னுடையது அல்லாததை எப்படிக் கேட்பது?

"ஏணி... சௌக்கியமா இருக்குதுங்களா?"

"சௌக்கியமா இருக்குதுங்ண்ணா. ஊடு வந்து சேந்துருச்சு."

"படியெல்லாம் புதுசு."

"ஆமாங். ஒங்க படின்னு சொன்னீங்களாமே. வேணும்னா கழட்டிக்கிட்டுப் போங். நான் கால் ரெண்டையும் வெச்சுக்கறேன்."

அப்புசாமிக்கு ரோஷம் வந்துவிட்டது. "என்ற படின்னு ஒரு பேச்சுக்குச் சொன்னேன். மூங்கில் வெட்டிக் கொண்டாந்து மாத்திக் குடுத்தது ஆருன்னு உன்ற ஊட்டுக்காரனையே கேளு. நான் ஏணியத் திருப்பித் தர்றேன்னு மூணு தடவ சொல்லீட்டேன். 'இருக்கட்டும் மச்சான், அங்கயே இருக்கட்டும், ஒடஞ்சா நான் வந்து பாத்துக்கறேன்'னு அவன்தான்..."

அங்கே நிறுத்திக்கொண்டார். கிணற்று மேட்டில் மண்வெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டிருந்த நஞ்சப்பன் அப்படியே நின்றுபோனார். அப்புசாமி, கிடாரிக்குத் தண்ணி காட்டோணும் என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

"ஏனுங்" என்றாள் கமலாத்தாள். "மடை எங்கயும் ஓடிப்போகாது. இப்படி வந்து புடிங்."

நஞ்சப்பன் மண்வெட்டியை மெதுவாகச் சாய்த்து வைத்துவிட்டு வந்தார். இரண்டு கையாலும் ஏணியின் கால்களைப் பிடித்தார். என்னைப் பார்த்து, "நீயும் கூட்டா அம்மிணி?" என்றார்.

"நான் படம்தான் எடுக்கறனுங் மாமா."

கமலாத்தாள் சேலையைச் செருகிக்கொண்டு ஏறினாள். கூரைமேல் கால் வைக்காமல், மேல்படியிலேயே நின்றுகொண்டு எட்டின ஓடுகளை மாற்றத் தொடங்கினாள். வாசற்படியில் பூவாத்தாள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நெடுநேரமாக ஒரே பிடி அரிசியைத்தான் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

எல்லாரும் அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தோம். கமலாத்தாள் கேட்கவில்லை. ஒரு ஓட்டை எடுத்தாள், தட்டிப் பார்த்தாள், வைத்தாள். அடுத்த ஓட்டை எடுத்தாள். வெயில் ஏறியது. நஞ்சப்பன் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி நின்றார்.

"ஏம் புள்ள" என்றார் கடைசியில்.

"ஏனுங்?"

"கேக்கறதக் கேட்டுத் தொலை."

"என்னத்தக் கேக்கறதுங்? ஓடு மாத்தீட்டிருக்கறேன்."

மறுபடி ஒரு ஓடு. மறுபடி ஒரு தட்டல். அவருடைய கழுத்தில் வியர்வை இறங்கியது.

"ஒரு வருசம் நிம்மதியா இருந்தனே" என்றார், ஏணிப்படியிடம்.

மேலே இன்னொரு ஓடு நகர்ந்தது.

"சித்தூர்ல உட்டா புள்ள மாசத்துக்கு ஒருக்காத்தான் ஊட்டுக்கு வருவா" என்றார்.

"நான் ஒண்ணும் கேக்கலீங்களே."

"கேக்காட்டிப் போச்சாது, நான் சொல்றேன். அவ போயிட்டா இந்த ஊட்டுல உன்றகூட நான் தனியா இருக்கோணும். நடுவுல ஆரும் இல்லாம. அதையும் கொஞ்சம் நெனச்சுப் பாரு."

கமலாத்தாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரித்ததில் ஏணி ஆடியது. நஞ்சப்பன் பதறி, மார்போடு ஏணியை அணைத்துக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு, "போகட்டும், போகட்டும், நாளைக்கே கூட்டிக்கிட்டுப் போறேன், நீ ஆடாம நில்லு" என்றார்.

பூவாத்தாள் முறத்தை வைத்துவிட்டு உள்ளே ஓடினாள். டிரங்குப் பெட்டியை இழுக்கிற சத்தம் கேட்டது.

நஞ்சப்பன் கண்ணைத் திறந்தார். "சொல்லியாச்சு. எறங்கு."

"எறங்கறனுங்" என்றாள் கமலாத்தாள். இறங்கவில்லை. உடைந்த ஓடு ஒன்றை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். "ஏனுங், கெணத்துக்கு ஒரு கரண்டு மோட்டார் வெக்கறதப் பத்தி என்ன நெனைக்கறீங்?"

மேலே இன்னும் பாதிக் கூரை பாக்கி இருந்தது.